தண்ணி போகாத கையுறை

ஹம்பேர்க்கில் மழை விடாமல் கொட்டிய ஒரு ஜனவரிக் காலை. எஸ்-பான் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் ஓர் ஈரச் சைக்கிள்.

“நேற்று என்ரை கையுறைக்குள்ளை மீன் வளத்திருக்கலாம்” என்றார் கணவர்.

“தண்ணி போகாத கையுறை எண்டுதானே வாங்கினனீங்கள்?”

“ஓம், போகேல்லைத்தான். ஜக்கெற் கையிலை வடிஞ்சு உள்ளுக்கு வந்த தண்ணி, வெளியாலை ஒரு சொட்டும் போகேல்லை.”

“பிறகு?”

“பிறகென்ன, சலூனுக்குப் போய் விறைச்ச கையோடை சவரக்கத்தியைத் தூக்கினன். கை நடுங்கினதைக் கண்ணாடியிலை கண்ட மனுசன், முகத்திலை நுரையோடை எழும்பி ஓடிட்டார். இண்டைக்கும் ஒருத்தர் ஓடினா, முதலாளி என்னையும் ஓடச் சொல்லுவான்.”

மனைவி கைப்பையைத் திறந்து, கோப்பை கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறைகளை எடுத்தார்.

“கம்பளிக் கையுறைக்கு மேலை இதைப் போடுங்கோ. ஜக்கெற் கையை உள்ளுக்குச் செருகாதேங்கோ, வெளியாலை விடுங்கோ.”

“சனம் சிரிக்குமப்பா.”

“சிரிக்கட்டும். நீங்கள் கை காட்டித் திரும்பேக்கை கார்க்காரனுக்கு நல்லாத் தெரியும்.”

அவர் ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“உண்மையா இதுக்குள்ளை தண்ணி போகாதோ?”

“பதினெட்டு வருஷமாப் போகேல்லை. ஒருநாளாவது கோப்பை கழுவியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

அவர் இரண்டையும் கம்பளிக் கையுறைக்கு மேல் இழுத்து மாட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு மஞ்சள் கைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கின.