ஹெட்போனில் விழுந்த ரெண்டு வார்த்தை

— மனசுக்குள்ளதான்க்கா சொன்னேன். சத்தியமா உள்ளயே சொன்னதாதான் நினைச்சேன்.

— மைக்கு அப்படி நினைக்கலையே.

— நேத்து கூட்டத்துல முதலாளி அவர் மொழியில, 'ஆலை ஓடும், யாருக்கும் வேலை போகாது'ன்னார். அதை நம்ம மொழியில சொல்லி முடிச்சேன். முடிச்ச கையோட...

— 'சுத்தப் பொய்'னும் சொல்லிட்ட.

— நாப்பது தொழிலாளிங்க, நாப்பது ஹெட்போன். ஒருத்தர் விடாம திரும்பி, நாம மொழிபெயர்க்கிற இந்தக் கண்ணாடி ரூமைப் பார்த்தாங்க.

— பக்கத்து நாற்காலியில எனக்குத் தண்ணி புரையேறிடுச்சு.

— சிரிக்காதீங்க. பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கார். வேலை போச்சு.

— அதை விடு... மனசுக்குள்ளன்னா, நிஜமாவே குரல் கேக்குமா?

— உங்களுக்குக் கேக்காதா?

— இல்லையே.

— விளையாடாதீங்க! பஸ்ஸுக்கு நிக்கும்போது? பல் தேய்க்கும்போது?

— பல் தேய்ப்பேன்.

— அவ்வளவுதானா?

— நுரை வரும். வேற என்னடி வரணும்?

— எனக்கு ஒரு ஆளே வருவா. 'மெதுவா தேய், ஈறு போகுது, நேத்து அத்தைகிட்ட ஏன் அப்படிப் பேசின'ன்னு...

— யாரு குரல்?

— என் குரல்தான்.

— நாள் முழுக்கவா? அசந்து போயிட மாட்டியா?

— அதான்க்கா... அரை மணிக்கு ஒரு தடவை மைக்கை மாத்திக்கிறோம். உங்க முறை வந்தா ஒரு சொல் பிசகாது. பக்கத்துல உக்காந்து வாயைப் பொளந்துட்டுப் பார்ப்பேன். உள்ள குறுக்க பேச ஆளில்லைன்னா அப்படித்தான் ஓடும். கொடுத்து வச்சவங்க.

— நீதான்டி கொடுத்து வச்சவ.

— நானா? வேலை போகப் போகுது எனக்கு!

— எதைப் பார்த்தாலும் அதுக்கு உடனே வார்த்தை வந்து நிக்குது உனக்கு. எனக்கு ஏதோ சரியில்லைன்னு மட்டும் இருக்கும்... என்னன்னு புரியவே நாலு நாளாகும்.

— ஆனா நேத்து முதல் அரை மணி நீங்கதானே பேசினீங்க. அதே முதலாளி, அதே பேச்சு. வழுக்கிட்டுப் போச்சே!

— ம்... போச்சு.

— ஏன்க்கா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— மேனேஜர்கிட்ட என்ன சொல்லப் போற?

— ஒண்ணும் சொல்லலை... லெட்டர் எழுதி வச்சிருக்கேன். 'எனக்கு ஒண்ணும் தெரியாது, வாய் தவறிடுச்சு, முதலாளி சொன்னதுதான் உண்மை'ன்னு.

— இப்படிக் கொடு.

— அய்யோ, ஏன்க்கா கிழிக்கிறீங்க!

— ஆலையை மூடுற உத்தரவை போன வாரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததே நான்தான். வெளியில மூச்சு விட மாட்டேன்னு கையெழுத்தும் போட்டேன். அன்னையிலிருந்து சாப்பாடு இறங்கலை, ஏன்னே தெரியலை... நேத்து நீ சொன்ன ரெண்டு வார்த்தையிலதான் தெரிஞ்சுது. எழுந்திரு, மேனேஜர்கிட்ட நானும் வர்றேன்.