பாறையில் பங்கர் வெட்ட ஏலாது

தொம்.

தரையில் கிடக்கிறேன். கைகள் தலைமேல். வாய் திறந்திருக்கிறது, செவிப்பறை கிழியாமலிருக்க. அடுத்தது விழ வேண்டும். விழவில்லை. குளிர்சாதனப் பெட்டி தன் வயிற்றுக்குள் ஐஸ் கட்டிகளைக் கொட்டியிருக்கிறது. அவ்வளவுதான். இது டெக்சாஸ். கேட்டி நகரம். என் சமையலறை.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் ஐஸ். கெட் அப்." மகள். ஆறாம் வகுப்பு. மேசையில் கனடா வரைபடம், பாதிக்கு நிறம் தீட்டியாயிற்று. "வேர் இஸ் த கனேடியன் ஷீல்ட்?"

எனக்குத் தெரியும்.

2009. மாசி மாதம். வன்னிக் கடற்கரை. குடும்பத்தை இரண்டு பங்கருக்கு, பதுங்கு குழிகளுக்கு, பிரிப்பது எங்கள் வழக்கம். ஒன்றில் ஷெல் விழுந்தாலும் மற்றது மிஞ்ச வேண்டும். அம்மாவும் தங்கை வதனியும் பனையடிக் குழியில். அப்பாவும் நானும் மற்றதில். நான் ரியூசன் வாத்தி. பூமிசாஸ்திரம்.

கனடாவில் மாமா. போனால் எந்தப் பக்கம் இருப்பது? ஷெல் ஓய்ந்த நேரம் எங்கள் குழிக்கு வரும் வதனிக்கு எப்போதும் அதே கேள்வி. மணல் தரையில் விரலால் கனடாவைக் கீறினேன். மேற்கே ரொக்கி மலைகள். அடுத்து புல்வெளி, கண் முட்டும் வரை தட்டை. பிறகு ஷீல்ட் என்கிற கேடயம்: பெரிய குடாவைச் சுற்றிக் கிடக்கும் கிழட்டுப் பாறை, மேலே மெல்லிய மண், எண்ண முடியாத ஏரிகள்.

"அங்க வேண்டாம் அண்ணா. பாறையில பங்கர் எப்பிடி வெட்டுறது?"

அப்பா தலையாட்டினார். நானும் யோசித்தேன். கனடாவில் பங்கர் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பகல். வதனி ஓடி வந்து எங்கள் குழிக்குள் குதிக்கிறாள்.

"வடக்கு இன்னும் கீறேல்ல. நான் கீறுறன். நீ அம்மாவிட்டப் போ."

பனையடிக் குழி ஆழம் கூடியது. மேலே பனங்குற்றி. அதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. போனேன்.

தொம்.

"படு! படு!" அம்மா.

ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. பிறகு மணல், வானத்திலிருந்து. நெடுநேரம்.

மகளின் விரலைப் பிடித்து அந்தப் பாறையில் வைக்கிறேன். சாம்பல் நிறம் தீட்டுகிறாள். வடக்கைக் கேட்கிறாள். என் கை நகரவில்லை.

இழந்தது: அப்பா. தங்கை, பதினாறு வயது. ஒரு குழி. மணலில் ஒரு நாடு, வடக்கு இல்லாமல்.

அன்று நான் குழியிலிருந்து ஏறும்போது வதனி கீழேயிருந்து சொன்னாள்:

"காலப் பாத்து வை அண்ணா. கனடாவ மிதிச்சுப்போடாத."