ஸ்கார்பெக் பள்ளியின் மூடிய குளம்

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைக் கீழே வைத்துவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது. இது நம் ட்ரெவரின் மைத்துனி ரோவீனாவுக்கு நடந்தது. இட்டுக்கட்டிப் பேசுகிறவள் இல்லை அவள்.

நவம்பர் மாதம். மாலை நாலரை மணி. யார்க்‌ஷயர் மேட்டில் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. பேருந்து அவளை அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து ஸ்கார்பெக் பள்ளிக்கு ஒற்றை ஏற்றம். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர்... சுவருக்கு அப்பால் நனைந்த புல்... ஒரு ஆடுகூட இல்லை. ரோவீனாவின் கையில் ஒரு பை. பை நிறைய வாசனைத் தெளிப்பான் டப்பாக்கள். தலைமையாசிரியர் கார்சைட் வாங்கிவரச் சொன்னது.

பாதி ஏற்றத்திலேயே நாற்றம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் இன்னும் கண்ணில்கூடப் படவில்லை.

ஈரத் தலைமுடியைக் காயவிடாமல் மூடி வைத்தால் ஒரு வீச்சம் வருமே, அது. மேலே குளோரின் காரம். அதற்கும் அடியில்... புளித்த வாந்தி.

ரோவீனா செப்டம்பரில்தான் நாடக ஆசிரியையாக அங்கே சேர்ந்திருந்தாள். அந்தப் பள்ளியின் பெருமையே நாடக அரங்குதான். பளபளவென்று மரத்தரை, கறுப்புத் திரை, வரிசை வரிசையாக விளக்குகள். ஆனால் முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். "மிஸ், டேரன்தான் விட்டுட்டான்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்டோபரில் யாரும் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பயிற்சி செய்த பிள்ளைகளின் உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியது. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய கை மாதிரி. பிறகு தோல் பிசுபிசுவென்று உரிந்தது. இரண்டு பேர் வகுப்பிலேயே வாந்தி எடுத்தார்கள். குழாய்க்காரர்கள் வந்து சாக்கடையெல்லாம் குடைந்து பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

தரையைப் பெயர்த்துப் பார்க்கலாமா என்று ரோவீனா கார்சைட்டிடம் கேட்டாள். நெடிய, எப்போதும் புன்னகை மாறாத மனிதர் அவர். அந்தப் பள்ளிக்கே உடற்பயிற்சி ஆசிரியராக வந்து, அங்கேயே தலைமையாசிரியர் ஆனவர்.

"கீழ ஒண்ணும் இல்ல" என்றார். "பழைய நீச்சல் குளம் இருந்துச்சு. கான்கிரீட் கொட்டி ரொப்பியாச்சு, நானே நின்னு பார்த்தேன். இந்தப் பேச்சப் பெத்தவங்க காதுல போட்டுடாதீங்க. பிள்ளைங்க வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா, முதல்ல போறது நாடக டீச்சர் வேலைதான்."

ரோவீனா டப்பாக்களோடு ஏறிவந்த அந்த நவம்பர் மாலைதான் பெற்றோர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாள். தங்கள் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அவர்கள் முடிவெடுக்கும் நாள். கார்சைட்டின் உரை நாடக அரங்கில்.

ரோவீனா அரங்கைத் திறந்து விளக்கைப் போட்டாள். நாற்காலிகள் ஏற்கெனவே வரிசையாகப் போடப்பட்டிருந்தன. யாரும் இல்லை. டப்பாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். லாவெண்டர் வாசனையும் வாந்தி வாடையும் கலந்து இன்னும் குமட்டியது. அப்போது கேட்டது.

தளக்... தளக்...

தண்ணீர் விளிம்பில் மோதும் சத்தம். காலுக்கு அடியில்.

மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. வெளிர் நிறம். ஈரம். அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் பெற்றோர் பார்த்துவிடக் கூடாதே என்று விரலில் சுற்றி இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. முழ நீளம்... அதற்கும் மேல்... வழவழவென்று, சளி பூசியதுபோல். ஒன்று இரண்டாகி, இரண்டு ஒரு கற்றையாகி... பிறகு நின்றது.

பிறகு கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

வெடுக்கென்று இல்லை. மெதுவாக. பிடிமானம் தேடுகிற மாதிரி.

ரோவீனா விரலை உருவிக்கொண்டு ஓடினாள். கார்சைட்டைக் கூட்டிவந்தபோது பலகை இடுக்கில் கொஞ்சம் முடி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து காகிதத்தால் வழித்து, சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எலி வளை என்றார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. அந்தக் காகிதத்தைக் குப்பையில் போடாமல் பையில் போட்டாரே, அதுதான் அவளுக்கு முடியைவிட அருவருப்பாக இருந்தது.

ஆறு மணிக்கு அரங்கு நிறைந்துவிட்டது. கார்சைட் பேசினார். நன்றாகவே பேசினார். மேட்டின் மேல் பதினொரு வயதுப் பரீட்சையில் தேறிய பையன்களுக்கு ஒரு கல் கட்டடம், கீழே தேறாதவர்களுக்கு ஒரு தகரக் கூரை என்று இருந்த காலத்தைச் சொன்னார். இரண்டையும் ஒன்றாக்கி, நடுச்சுவரை இடித்து, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்த கதையைச் சொன்னார். தாய்மார்கள் கேக் சுட்டு விற்ற காசில் குளம் கட்டியதைச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடம், கணினி அறை, மரவேலைக் கூடம் என்று வரிசையாக வந்து, கையை விரித்து, "இந்த அரங்கு..." என்றார்.

நின்றார்.

நாக்கில் ஏதோ பட்டதுபோல் உதட்டைத் துடைத்தார். இரண்டு விரலால் வாயிலிருந்து ஒரு முடியை எடுத்தார். அது முடியவில்லை. புன்னகையோடேயே இழுத்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது... வெளிர் நிற முடி, எச்சில் சொட்டச் சொட்ட, தொண்டையின் ஆழத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஓங்கரித்தார். கையில் ஒரு கற்றை சேர்ந்தும் முனை வரவில்லை. யாரோ ஒரு குழந்தை அழுதது. பிறகு அவர் மடங்கி விழுந்து, மேடை நிறைய மஞ்சள் தண்ணீராகக் கக்கினார். அதில் குளோரின் நாற்றம் அடித்தது.

கூட்டம் முண்டியடித்து வெளியேறியது. ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. லொரெய்ன் சக்டன், பேத்தியைச் சேர்க்க வந்தவள், அதே பள்ளியில் படித்தவள். ரோவீனாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அந்த வாடைதான் கண்ணு இது. மறக்குமா?"

மெல்லிய குரலில் சொன்னாள். அவள் வகுப்பில் டெனிஸ் ஓர்மராய்ட் என்று ஒரு பெண். பதினொரு வயது. நீச்சல் தெரியாது. கரையைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். கார்சைட் நீளக் கழியால் அவள் விரலைத் தட்டித் தட்டி நடுவுக்குத் தள்ளுவார். ஒருநாள் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் குளத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாள். யாரையும் மேலே ஏற விடவில்லை அவர். மணி அடிக்கும்வரை அத்தனை பேரும் அதிலேயே நீந்தவேண்டும் என்றார். அவளை மட்டும், முங்கி எல்லாவற்றையும் வாயால் எடு என்றார்.

"அவ... அங்கேயே...?" என்று ரோவீனா கேட்டாள்.

"இல்ல கண்ணு. செத்தெல்லாம் போகல. நான்தான் அவகூட வீட்டுக்கு நடந்தேன், இதே சரிவுல. அவளோட வெளுத்த நீளத் தலமுடி விறைச்சு ஐஸாப் போச்சு. ஒரு வார்த்த பேசல. மறுவாரம் அவங்க குடும்பமே ஊரவிட்டுப் போயிடுச்சு. எங்கயோ நல்லாத்தான் இருப்பா."

டெனிஸின் பெற்றோர் ஒருமுறை வந்து முறையிட்டார்களாம். பள்ளி நிர்வாகத்தார் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு குளத்தை மூடிவிட்டார்கள். கார்சைட்டுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ரோவீனாவுக்கு அந்த நாற்றம் அப்போது பெரிதாகப் படவில்லை. இதுதான் நாறியது.

மறுநாளே அவள் லொரெய்ன் சொன்னதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய் நேரில் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாளாம். போகவில்லை. கார்சைட்தான் போனார், உடல்நலம் சரியில்லை என்ற பெயரில். ஈஸ்டர் விடுமுறையில் தரையைப் பெயர்த்தார்கள். ரோவீனாவும் நின்று பார்த்தாள். அவர் சொன்னது நிஜம். விளிம்புவரை கான்கிரீட். துளையிட்டு அடிமட்டம்வரை பார்த்தார்கள். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு முடி இல்லை.

நாற்றமும் அன்றோடு இல்லை.

ஜூன் மாதம் சந்தையில் கார்சைட்டின் மனைவி வினிஃப்ரெட் அவளை வழிமறித்தாள். முகமெல்லாம் ஒடுங்கிப்போயிருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்து ரோவீனா நின்றாள். வினிஃப்ரெட் திட்டவில்லை. ஒன்று சொல்லவேண்டும் என்றாள்.

"தூக்கத்துல அவருக்கு மூச்சு நின்னுடுது. டாக்டர் அது சகஜம்ங்கிறாரு. ரொம்ப நேரம் நிக்கும். நானும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு கேட்டுட்டே படுத்திருப்பேன். அப்புறம் ஒரு மூச்சு வரும், தண்ணிக்குள்ளேர்ந்து மேல வந்த மாதிரி. சின்னப் புள்ளையோட மூச்சு."

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது அவர் பக்கமிருந்து வரல, ரோவீனா. என் முதுகுப் பக்கமிருந்து வருது. அந்தப் பக்கம் வெறும் சுவருதான்."