வெட்டி எடுத்த ஒரு சொல்

பேட்டிக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது வெந்நீர். காபி குடித்தால் குரல் கரகரக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் இருமல் வரும். ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பதினெட்டுப் பேரை உட்கார வைத்துப் பேச வைத்திருக்கிறேன். முன்னாள் எம்.எல்.ஏ., கப்பலூரில் ரோபோ கையை வைத்துப் பெட்டி அடுக்கும் கம்பெனி முதலாளி, சினிமாவுக்குப் பாட்டெழுதுகிறவர், கட்சி மாறியவர், மாறப் போகிறவர். ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. பேச்சின் நடுவில் குறுக்கிட மாட்டான், பொறுமைசாலி என்றுதான் எனக்குப் பெயர்.

நடந்ததை என் கையால் எழுதச் சொல்லி ஸ்டேஷனில் நீங்கள் தாள் கொடுத்தீர்கள், மேடம். மெமரி கார்டில் எல்லாமே இருக்கிறது, நீங்களும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் கேமராவில் என் முதுகுதான் தெரியும். நான் என்ன நினைத்தேன் என்பது தெரியாது. அதற்காக எழுதுகிறேன்.

பெயர் ஜனகராஜ், வயது முப்பத்தாறு. திருநகரில் சொந்த வீடு. கீழே நானும் அக்கா ராதாமணியும் இருக்கிறோம். மாடியில் என் யூடியூப் சேனலின் ஸ்டுடியோ. அக்கா நர்ஸ். நர்ஸாக இருந்தாள் என்று எழுத வேண்டும். இப்போது தெருவில் வயதானவர்களுக்கு ஊசி போடுவாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள். அவர்கள்தான் வீடு தேடி வருவார்கள். அவள் வாசலைத் தாண்டுவதில்லை.

இறந்துபோன அழகுராஜாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நியூஸ் சேனலில் மைக் பிடித்து ஆரம்பித்து, விவாத நிகழ்ச்சி நடத்திப் பெரிய ஆளாகி, கடைசி இரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய் ஊடக அறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் மதுரையில் நிருபர். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ராத்திரி ஒரு பச்சைக் குழந்தை இறந்துபோனது. அக்கா அங்கே வேலை பார்த்தாள். அன்று ராத்திரி அவளுக்கு டூட்டி இல்லை. விடிந்ததும் ஒன்றும் தெரியாமல் வேலைக்குப் போனவளை வாசலில் மறித்து மைக்கை நீட்டினார். "ராத்திரி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" அக்கா சொன்னாள்: "வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்."

டிவியில் 'வீட்டுல' இல்லை. 'தூங்கிட்டு இருந்தேன்' மட்டும் இருந்தது. கீழே சிவப்பில் கொட்டை எழுத்து. மத்தியானத்துக்குள் மதுரை முழுக்க எல்லார் போனிலும் என் அக்கா முகம் இருந்தது. வீட்டுக் கதவில் சாணியை அடித்தார்கள். பரமக்குடியில் பேசி முடித்திருந்த சம்பந்தக்காரர்கள் ஒரே ஒரு போனில் முறித்துக்கொண்டார்கள். விசாரணையில் அவள் மேல் தப்பு இல்லை என்று நாலு மாதம் கழித்து வந்தது. அதை அந்தச் சேனல் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அந்த வீடியோ இப்போதும் இருக்கிறது. போன மாதம்கூட யாரோ அதன் கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான்.

இதற்காகத்தான் சேனல் ஆரம்பித்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. பேட்டி எடுப்பது எனக்குப் பிடிக்கும்.

போன வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழகுராஜா வந்தார். கேமராமேன் பால்பாண்டி சொந்தக்காரர் கல்யாணம் என்று லீவு. மூன்று கேமராவையும் நானே ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். எழுத்தாளர் ஒருவர் வருகிறார் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். வெந்நீர் அவள்தான் வைத்துக் கொடுத்தாள். சட்டைப் பையில் எது இருந்தாலும் மைக்கில் உரசும் என்பதால், வருகிறவர்கள் எல்லாரும் பையைக் காலி செய்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அவர் பேனா, போன், ஒரு சின்ன மாத்திரை டப்பா கொடுத்தார். "இதை மட்டும் கையெட்டுற தூரத்துல வைங்க தம்பி. நெஞ்சுக்கு" என்றார். எடிட்டிங் மேஜையில் தட்டில் வைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எட்டடி இருக்கும். அது என் கையெட்டுகிற தூரம்தான்.

நன்றாகத்தான் பேசினார். தேர்தல் வாக்குறுதிகள் பற்றி, பொய்க் குரலை உருவாக்கும் கம்ப்யூட்டர் பற்றி, இளைஞர்கள் புத்தகம் படிக்காதது பற்றி. "இன்னைக்கு ஒருத்தரோட மானத்தைக் கெடுக்கிறது மனுசன் இல்ல தம்பி, அல்காரிதம். மிஷினுக்கு மனசாட்சி கிடையாதுல்ல" என்றார். நான் தலையாட்டினேன். நாற்பதாவது நிமிடத்தில் அந்த மருத்துவமனையைச் சொல்லி, நர்ஸ் ஒருவரைப் பேட்டி எடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நடிக்கவில்லை. அப்புறம் சிரித்தார்.

"அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு நாலு பேரு வாயில மைக்கை நீட்டுவோம் தம்பி. அம்புட்டுப் பேரையும் எங்க ஞாபகம் வச்சிருக்க?"

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒன்பது வருடம் என் அக்கா கண்ணாடி பார்க்கவில்லை. கடைக்குப் போகவில்லை, கோவிலுக்குப் போகவில்லை, சொந்தத் தம்பி ஸ்டுடியோ வைத்திருந்தும் ஒரு போட்டோ எடுக்க விட்டதில்லை. அவருக்கு அது ஒரு நாளில் நாலில் ஒன்று. நான் குரலை உயர்த்தவில்லை. பதிவில் கேட்டுப் பாருங்கள். போனில் அந்த வீடியோவைப் போட்டு அவர் முன்னால் பிடித்தேன். "இதுல ஒரு வார்த்தையை வெட்டியிருக்கீங்க அண்ணே. என்ன வார்த்தைன்னு நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

அவருக்கு வியர்த்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒரு நிமிசம், அந்த மாத்திரையை எடுங்க" என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். "வயர் மாட்டியிருக்கு அண்ணே, எந்திரிக்காதீங்க" என்றேன். அது எல்லாரிடமும் சொல்வதுதான். தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். அவருக்கு அதைத் தள்ளிவிடத் தெம்பு இல்லை.

நெஞ்சுவலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நர்ஸ் வீட்டில் வளர்ந்தவன். நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கீழே பதினேழு படிக்கட்டு இறங்கினால் அக்கா. ஒரு சத்தம் போட்டால் வந்திருப்பாள். எல்லாம் தெரிந்துதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். வலி வந்ததிலிருந்து இருபத்து மூன்று நிமிடம். அந்த இருபத்து மூன்று நிமிடத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இருநூற்றுப் பதினெட்டுப் பேரில் இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை.

அவர் நாற்காலியோடு சாய்ந்த சத்தம் கேட்டுத்தான் அக்கா மேலே வந்தாள். யார் என்று பார்த்தாள். ஒரு விநாடி நின்றாள். அந்த முகத்தை அவள் மறந்திருக்க மாட்டாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எங்கள் வீட்டுப் பாஷையில் கேட்டாள்; வீட்டுக்குள் நாங்கள் பேசுவது தமிழ் இல்லை. நான் தமிழில் பதில் சொன்னேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும்.

அவள் சொல்லி நான் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. வந்தவர்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அவரைக் கொண்டுபோன பிறகு அக்கா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"மாத்திரை வச்சிருந்திருப்பாரே. எங்க?"

தட்டைக் காட்டினேன்.

"நான் கேட்டேனாடா?" என்றாள். இந்த ஒன்பது வருடத்தில் அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "எனக்காக ஒருத்தரைக் கொல்லுன்னு உன்கிட்ட நான் கேட்டேனாடா? அவன் ஒரு வார்த்தையை எடுத்தான். நீ ஒரு உசுரையே எடுத்துட்டு உக்காந்திருக்க. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒருத்தருக்கு ஊசி போடுவேன்?"

கேமராவிலிருந்து கார்டை அவளே உருவினாள். செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, ஸ்டேஷன்வரை நடந்தே வந்து உங்களிடம் கொடுத்தாள். எல்லாரும் பார்த்திருப்பார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவளை வெளியே வர வைத்தது நான்தான்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, உண்மை வர வேண்டும் என்றுதான் நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

உண்மை சீக்கிரமே வந்துவிட்டது. வலி வந்த ஆறாவது நிமிடத்தில், யாரும் கட்டாயப்படுத்தாமல், கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லுச்சு. 'வீட்டுல'ங்கிறதை வெட்டுனது நான்தான். அது மேல தப்பே இல்ல. என்னை மன்னிச்சிரும்மா." என்னைப் பார்த்து, "போதுமா தம்பி, மாத்திரையைக் குடுங்க" என்றார். மாத்திரையை நான் கையில்கூட எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு போனார். டப்பாவைத் திரும்பத் தட்டில் வைத்தேன். "பின்னாடி சத்தம் விழுந்துருச்சு அண்ணே. இன்னொரு தடவை சொல்லிருங்க" என்றேன். இரண்டாவது தடவை பாதிதான் சொன்னார். மூன்றாவது தடவைக்காகப் பதினேழு நிமிடம் காத்திருந்தேன்.

நேற்று நீங்கள் அந்த முதல் டேக்கைப் போட்டுக் காட்டினீர்கள். கவனமாகக் கேட்டேன். ஸ்பீக்கர் சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. அதையே போட்டிருக்கலாம்.