நகர்த்தாத புகைபோக்கி

எனக்குக் கோணல் பிடிக்காது. சாப்பாட்டுத் தட்டுகூட மேசைக்கு நடுவில் இருக்க வேண்டும். இதற்காகவே என் மனைவி தாமரை என்னைக் கிண்டல் செய்வாள்.

2006-இல் அமீரகத்து அல் ஐன் நகரில் ஓர் அரபு முதலாளிக்கு வீடு கட்டினோம். இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பத்தின் இருநூறு வருட மாளிகையைப் படமெடுத்து வந்து, அச்சு அசலாக அதேதான் வேண்டும் என்றார். நடுவில் வாசல், இருபுறமும் ஏழேழு ஜன்னல், கூரையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு புகைபோக்கி. அழகென்றால் அப்படியோர் அழகு. வரைபடமும் மேற்பார்வையும் என்னுடையவை.

புகைபோக்கியெல்லாம் ஒப்புக்குத்தான். வேலை முடிகிற நேரத்தில், மகள் அறைக் கணப்பில் மட்டும் நிஜமாகவே தீ எரியட்டும் என்றார் முதலாளி. கணப்புக்கு நேர் மேலே புகைபோக்கி இல்லை, ஆறடி தள்ளி இருந்தது. அதை நகர்த்தினால் முகப்பே கெட்டுவிடும். சுவருக்குள் குழாயை இரண்டு இடத்தில் வளைத்துக் கொண்டுபோனேன். புகை ஏறுமா என்று எனக்கே சந்தேகம். அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது.

ஜனவரிக் குளிர். சைட்டில் காவலுக்கு இருந்த பொன்னுச்சாமி, பெரம்பலூர்க்காரர், தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் வந்தார்.

"சார், குளிர் தாங்கல. உள்ள ஏதாச்சும் ரூம்ல படுத்துக்கட்டுங்களா?"

"மாடியில அந்தப் பாப்பா ரூம்ல படுங்க. அங்க இருக்கற கணப்புல கரி போட்டுக்குங்க."

"பொகை அண்டாதுங்களா?"

"மாஃபி முஷ்கில்" என்றேன். கவலையே இல்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற வார்த்தை. "கதவு, ஜன்னல மட்டும் நல்லா சாத்திக்குங்க. சூடு போயிரும்."

"நீங்க நல்லா இருக்கணும் சார்."

சாத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் குழந்தையும் சாத்திக்கொண்டுதானே தூங்கும். திறந்துவைத்துப் பார்த்தால் அது சோதனையே இல்லை.

காலையில் நான்தான் கதவைத் தள்ளினேன். ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்திருந்தார். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிற மனிதர். உடம்பு சில்லிட்டிருந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மூடிய அறையில் கரி மூட்டிச் சாவது லேபர் ஆட்கள் வருஷா வருஷம் செய்கிற தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பிறகு குழாயை அடைத்துவிட்டு, தணல்போல ஒளிர்கிற கரண்ட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன். அரைநாள் வேலை. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தக் குழந்தை மூன்று குளிர்காலம் அங்கே தூங்கிவிட்டது. பொன்னுச்சாமியைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.