பச்சை வந்தா நேரா வாசலுக்கு

இல்லீங்க டாக்டரம்மா, மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. காலைலதான் அஞ்சு கிலோ எடைக்கல்ல வெச்சுப் பாத்தேன், முள்ளு கரெக்டா நின்னுச்சு. நீங்க ஏறுனப்போ காட்டுனது நிஜம்தான். சிரிக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி செயலாளரா இருந்தவரு எடையைக் குறைங்கன்னு எத்தனை நோட்டீஸ் அடிச்சாரு, ஒரு நாளாவது இதுல ஏறியிருப்பாரா? இத கண்டாலே சுத்திக்கிட்டுப் போவாரு.

பதினெட்டு வருஷமா இந்த டாக்டருங்க சங்கத்துல அட்டெண்டருங்க நான். டாக்டருங்களுக்கு நாற்காலி போடுறதும் நான்தான், எடைக்குறைப்பு முகாமுக்கு வர்ற சனங்களுக்கு எடை பாக்குறதும் நான்தான். அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு காலைலேர்ந்து சுத்திச் சுத்தி வர்றேன். டீ ஆறுது, குடிங்க. சர்க்கரை போடல, பயப்படாதீங்க.

பெருசா ஒண்ணுமில்ல. இந்த வருஷமாவது எடை குறைஞ்சவங்களையும் டாக்டர்கிட்ட அனுப்பணும்.

இப்ப அனுப்புறதில்லையே. யாரும் சொல்லலையா உங்களுக்கு? மாசத்துக்கு ஒருக்கா எடை. போன மாசத்தைவிட ஏறியிருந்தா அட்டைல சிவப்புப் பொட்டு, டாக்டர் வரிசைல போய் நிக்கணும். இறங்கியிருந்தா பச்சை நட்சத்திரம், எல்லாரும் கைதட்டுவோம், நேரா வாசலுக்குப் போயிடலாம். அஞ்சு மாசம் முடிஞ்சா விழா, அதிகமா இறக்குனவங்களுக்குப் பரிசு. முந்நூறு பேரு வருவாங்க, டாக்டருங்க நாலே பேரு. வெயில்ல வரிசை தெருமுனை தாண்டி நிக்கும். ஏதாவது வழி சொல்லுய்யான்னு தலைவர் கேட்டாரு. நான்தாங்க சொன்னேன், நல்லா இருக்கறவங்க எதுக்கு சார் டாக்டரைப் பாக்கணும்னு. முதுகுல தட்டிக்குடுத்தாரு. எனக்குத் தலைகால் புரியல. அட்டெண்டர் சொல்லி டாக்டருங்க கேக்குறாங்கன்னா சும்மாவா?

சிவப்புக்காரங்களுக்கு மட்டும் என்ன வாழுதுங்கறீங்க? ஒரு லாரி டிரைவரு, பெல்ட்டு, பர்ஸு, சாவிக்கொத்து எல்லாத்தையும் என் கைல குடுத்துட்டுத்தான் ஏறுவாரு. அப்பவும் சிவப்பு. உள்ள போனா, வாயைக் கட்டமாட்டியான்னு ஒரே திட்டு. நாள் பூரா உக்காந்து ஓட்டுற மனுஷன் எங்க நடக்குறது, எப்ப சாப்புடுறது, அதை யாரும் கேக்கல. மூணாம் மாசத்தோட நின்னுட்டாரு. இன்னும் குண்டா, உசுரோட இருக்காரு, அதுவரைக்கும் சந்தோஷம்.

அதோ, சுவத்துல பெருசா ஒட்டியிருக்கே, கோப்பையோட ஒரு அம்மா. தையல்காரம்மா. அவங்கதான் அந்த வருஷம் முதல் பரிசு. அஞ்சு மாசத்துல பத்தொம்போது கிலோ, அஞ்சும் பச்சை. முதல் மாசம் ரெண்டு கிலோ அவங்களா நடந்து, எண்ணெயைக் குறைச்சு இறக்குனது. அதுக்கப்புறம் தானா இறங்குச்சு. கெட்டியா எதைச் சாப்பிட்டாலும் தொண்டையிலேயே நின்னுச்சு. கடைசியில தண்ணிகூட நின்னு நின்னுதான் போச்சு. மேடைல மட்டும் எட்டு டாக்டருங்க சுத்தி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஏம்மா, இவ்வளவு எப்படி இறங்குச்சுன்னு ஒருத்தர் கேக்கல. டாக்டருங்களைச் சொல்லியும் குத்தமில்ல, அந்த அட்டை அவங்க கைக்கு வந்ததே அன்னைக்குத்தான். அதுவரைக்கும் நேரா வாசல்தானே.

ஆமா, புத்துநோய்தான். உணவுக்குழாய்ல. பரிசு வாங்கி பத்து வாரம் இருந்தாங்க.

போன ரெண்டு செயலாளருங்ககிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன். கமிட்டில பேசுவோம்னாங்க. கமிட்டிக்கு பிஸ்கட் வெச்சுட்டு ஓரமா நான் நின்னுக்கிட்டேதானே இருந்தேன், அந்தப் பேச்சே வரல. நீங்க புதுசா வந்திருக்கீங்க, நீங்க நெனச்சா...

அட்டை அச்சாயிடுச்சா? எப்போ? அதே பச்சை, அதே சிவப்பா? டாக்டருங்களும் அதே நாலு பேருதானா. சரிங்க. இல்லல்ல, உங்க மேல கோவமில்ல. நீங்க ஒருத்தங்க என்ன பண்ணுவீங்க. அடுத்த வருஷம்னு சொல்லாதீங்க, அது மட்டும் வேண்டாம், எத்தனையோ அடுத்த வருஷம் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கே வந்து மிஷினைப் போட்டுடறேன்.

போஸ்டரை எடுக்கவா? வேண்டாங்க, இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரிங்க அது. விழாவுக்குப் பதினஞ்சு நாள் இருக்கறப்போ, முழுங்கவே முடியலங்க, உங்க டாக்டருங்க யார்கிட்டயாவது கேளுங்களேன்னா. இப்பப் போய் நோய்னு சொன்னா பரிசை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க, விழா முடியட்டும்டின்னேன். சரின்னுட்டா. வீட்ல அவ போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாத்துலயும் குண்டா இருக்கேன்னு முகாம்ல சேந்த அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டா.