மேடையோரத்து நாற்காலி

எங்கள் விழா நாளில் மழை பெய்ததே கிடையாது. சனிக்கிழமை கொட்டித் தீர்க்கும், திங்கட்கிழமை ஆறு கரையைத் தொடும், நடுவில் வரும் அந்த ஆகஸ்ட் ஞாயிறு மட்டும் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருக்கும். கடவுளுக்கும் இங்கே டிக்கெட் கிடையாது, அதனால் அவரும் சாப்பிட வந்திருக்கிறார் என்று நான் மேடையிலிருந்து சொல்வேன். கூட்டம் சிரிக்கும். உங்கள் அம்மாவும் சிரிப்பார், ஆய்வாளர் பெத்தான்கூர். மேப்பிள் மரத்தடியில், எல் சால்வதோர்க்காரர்களின் கடைக்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்பார். அவருக்கு நல்ல இடுப்பு. இந்த வயதிலும் கும்பியா ஆடினால் நான்கு பேர் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

உங்கள் மைக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன். பதிவு சரியாக விழ வேண்டும் அல்லவா?

என் பெயர் மிக்தாலியா ஓகேந்தோ. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விழா தொடங்கிய நாளிலிருந்து மேடையில் பேசுவது நான்தான். இந்த ஊரில் என்னை ஆலைக்காரி என்றோ, விதவை என்றோ யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. கடைத்தெருவில் போனால், "அதோ, விழாக்காரம்மா போறாங்க" என்பார்கள். பிள்ளைகள் என் குரலைப் போலப் பேசிக் காட்டுவார்கள். நானும் நின்று கேட்டுவிட்டு, மூக்கால் பேசாதே, வயிற்றிலிருந்து பேசு என்று திருத்திவிட்டுப் போவேன்.

தேயோவை ஊரே 'தோன் தேயோ' என்று மரியாதையாகக் கூப்பிடும். இந்த ஊருக்குப் பிழைக்க வருவதற்கு முன் போர்ட்டோ ரிக்கோவில் அவனோடு ஒரே தெருவில் வளர்ந்தவள் நான். அவன், இவன் என்றுதான் பேச வரும். அதை வெறுப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்தான். அவனுடைய முடிதிருத்தும் கடை வாசலில்தான் விழாவே தொடங்கியது. அவன் கொங்கா மேளத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தான், நான் ஒரு பானைத் துவரைச் சோற்றை இறக்கிவைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றார்கள். காசு கேட்கக் கூடாது, எந்த நாட்டுக்காரர் என்று கேட்கக் கூடாது, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்க வேண்டும் என்று சொன்னவள் நான். அது இன்றுவரை மாறவில்லை. தேயோ தலைவர், நான் குரல். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

இந்த வருடமும் அப்படித்தான் ஆரம்பித்தது. விடிவதற்குள்ளேயே பன்றியைக் கம்பியில் கோர்த்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தொமினிக்கன் பெண்கள் வாழைக்காயைத் தட்டித் தட்டி இரண்டாம் முறை பொரித்துக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோப் பிள்ளைகள் பாவாடையை விரித்துச் சுழன்று பழகியதில் பூங்காவே குடை விரித்த மாதிரி இருந்தது. மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் தேயோவுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"மிக்தா, கடைசிப் பாட்டுக்கு முன்னாடி நான் மேடையேறி ஒரு விஷயம் சொல்லப்போறேன். நீ கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன, மறுபடியும் கல்யாணமா?"

"அடி போடி. ரெண்டு தடவை பட்டது போதும்." கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். "அடுத்த வருஷத்துலேர்ந்து மைக்கை யாரெலிஸ் பிடிக்கட்டும். சின்னப் பிள்ளைங்க அவ பேச்சை ரசிக்குதுங்க. உன் ஜோக்குக்குச் சிரிக்கிறவங்கள்ல பாதிப் பேர் கல்லறைக்குப் போயாச்சு."

"மீதிப் பாதி?"

"மீதிப் பேருக்குக் காது கேக்காது. நீ வா, என் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரு. ரெண்டு பேரும் வேடிக்கை பாப்போம். வாழ்நாள் பூரா நின்னுட்டோம்டி, கால் வலிக்கலையா உனக்கு?"

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், அவன் எப்போதும் வேடிக்கையாகத்தான் பேசுவான். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். நீங்கள் அந்தச் சோற்றைப் பரிசோதனைக்கு அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒன்றும் இருந்திருக்காது. ஊரே சாப்பிடுகிற பானையில் நான் எதையும் கலக்க மாட்டேன்.

யாரெலிஸைப் பற்றியும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உள்ளூர் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிற தொமினிக்கன் பெண். எங்கள் மொழியும் இந்த ஊர் மொழியும் தண்ணீராக வரும். பேசும்போது முடி கண்ணில் விழும், அதை ஒதுக்கிக்கொண்டே இருப்பாள். மேடையில் கை சும்மா இருக்க வேண்டும். அது ஒன்றுதான்.

மதியத்துக்குப் பிறகு தேயோ பிள்ளைகளோடு உட்கார்ந்து கொங்கா வாசித்தான். வெயில் சுள்ளென்று இருந்தது. வாசித்து முடித்து, கைத்தடி ஊன்றிய கிழவிகளில் ஒருத்தி விடாமல் எல்லோரோடும் ஆடினான். பிறகு மேடையோரத்து நாற்காலிக்கு வந்தான். அது ஒவ்வொரு வருடமும் அவனுக்கென்று காகிதப் பூ சுற்றி வைப்பது, கூட்டம் முழுவதுக்கும் தெரிகிற இடம். உட்கார்ந்தவன் என் கையைப் பிடித்தான். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"மிக்தா, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. நெரெய்தாவைக் கூப்பிடு."

நெரெய்தா நர்ஸ். அவளுடைய முதலுதவிக் கூடாரம் புல்வெளிக்கு அந்தப் பக்கம். கூப்பிடுகிறேன், சாய்ந்துகொள் என்று சொல்லிவிட்டு மேடையேறினேன். கொலம்பியாக்காரர்களின் குழுவை அறிமுகம் செய்ய வேண்டிய நேரம் அது.

மேடையில் நின்றால் எல்லாம் தெரியும். நெரெய்தா தேங்காய் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மைக் என் கையில் இருந்தது. பெயரைச் சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாள். ஆனால் மேடையிலிருந்து நர்ஸைக் கூப்பிட்டால் கூட்டம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிள்ளைகள் அழும், கிழவிகள் ஜெபமாலையை எடுப்பார்கள், அடுப்பில் இருப்பதெல்லாம் கருகும். அதனால் குழுவை அறிமுகம் செய்தேன். அவர்கள் பெயரை மட்டும் சொன்னேன். அக்கார்டியன் தொடங்கியதும் உங்கள் அம்மா ஆட ஆரம்பித்தார். பார்க்கவே அழகாக இருந்தது.

இறங்கி வந்தபோது தேயோ சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுக்க முயன்றுகொண்டிருந்தான். விரலெல்லாம் வியர்வை. கீழே விழுந்து உடைந்துவிடும் என்று வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அது ஏன் என் பையில் இருந்தது என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் வாங்கிக்கொண்டதால்தான்.

"அவகிட்டச் சொன்னியா?" என்றான்.

"சொல்லிட்டேன். வந்துகிட்டிருக்கா."

அவன் நம்பினான். நான் சொன்னதை அவன் நம்பாமல் இருந்ததே இல்லை. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான். முகத்தில் வெயில் படாமல் இருக்க அவனுடைய வைக்கோல் தொப்பியை முன்னால் இறக்கிவிட்டேன்.

நெரெய்தா வந்தாள் என்பதும் உண்மைதான். யாரும் கூப்பிடாமல், ஐஸ் கப்பைக் குப்பையில் போட வந்தவள் நாற்காலியைப் பார்த்து நின்றாள். தோன் தேயோ ஏன் இப்படி வெளுத்திருக்கிறார் என்று கேட்டாள். காலையிலிருந்து ரம், தூங்கட்டும், எழுப்பினால் உன்னையும் ஆட இழுப்பான் என்றேன். போன வருடம் அவன் ஆடியதில் தன் செருப்பு அறுந்ததைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் குரல் கேட்டபோது நாற்காலியின் கைப்பிடியில் அவன் விரல்கள் அசைந்தன. தாளத்துக்கு அசைகின்றன என்று வைத்துக்கொண்டேன். கொலம்பியாக்காரர்கள் நன்றாகவே வாசித்தார்கள்.

அதற்குப் பிறகு பிற்பகல் மிக இனிமையாகப் போனது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவள் ஆவேன். கிழவிகள் போகும்போது அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "குடிச்சாலும் மனுஷன் சட்டை கசங்காம உக்காந்திருக்கான் பாரு, என் வீட்டுக்காரனும் இருந்தானே" என்றாள். ஒரு சின்னப் பெண் காகிதப் பூமாலையை அவன் கழுத்தில் போட்டாள். குடும்பம் குடும்பமாக நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நெருங்கி நில்லுங்கள், தோள்மேல் கை போடுங்கள் என்றெல்லாம் சொன்னேன். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அவன் மூச்சு அப்போதும் இருந்தது. தொப்பிக்குக் கீழே விசில் மாதிரி வந்தது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும், அதனால் பெரும்பாலும் நானே பக்கத்தில் நின்றேன். ஒலிப்பெருக்கிக்காரனிடம் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன்.

நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

வெயில் சாய்ந்து கடைசிப் பாட்டுக்கு நேரம் வந்தது. தேயோ மேடையேறிப் பேசப்போகிறான் என்று பலருக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது, யாரெலிஸ் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றிருந்தாள். முடியைக் கட்டியிருந்தாள். நான் மைக்கை எடுத்தேன்.

"தோன் தேயோவுக்கு ஆடி ஆடித் தொண்டை கட்டிப் போச்சு. அதனால அவர் சொல்ல நினைச்சதை நானே சொல்லிடறேன். அடுத்த வருஷமும் இதே பூங்கா, இதே சோறு, இதே குரல். என்ன தேயோ, சரிதானே?"

கூட்டம் முழுவதும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவன் கையைத் தூக்கினான். அவ்வளவு நேரம் அசையாமல் கிடந்த கை, மெல்ல மெல்ல, விரல்கள் விரிந்து, தோளுக்கு மேலே வந்தது. தொப்பி சரிந்து மடியில் விழுந்தது. நானே எதிர்பார்க்கவில்லை. ஆனால் மேடையில் நிற்பவள் எதற்கும் தடுமாறக் கூடாது.

"பாத்தீங்களா, கையைத் தூக்கிச் சம்மதம் சொல்றார். நீங்களும் கையைக் காட்டுங்க, பாப்போம்."

பூங்கா முழுவதும் கையசைத்தது. ஆற்றங்கரையிலிருந்து சாலை வரைக்கும் கைகள். தோள்மேல் உட்கார்ந்திருந்த குழந்தைகள், கரண்டி பிடித்திருந்த சமையல்காரர்கள், மரத்தடியில் உங்கள் அம்மா. அப்படி ஒரு காட்சியை நான் அந்த மேடையிலிருந்து பார்த்ததே இல்லை. தேயோ கண்ணைத் திறந்திருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. நெரெய்தாவின் கூடாரம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நெரெய்தாவும் கையசைத்தாள்.

அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். உதவிக்குக் கூப்பிட்டான். இன்னும் உயிரோடு இருக்கிறான், இப்போதுகூடக் காப்பாற்றலாம் என்று தெரிந்துதான் பாட்டைத் தொடங்கச் சொன்னேன். வேகமான பாட்டாக வாசியுங்கள் என்றும் சொன்னேன். இதை நீங்கள் எந்த வார்த்தையில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கையசைக்காமல் நின்றவள் யாரெலிஸ் ஒருத்திதான். அவள் நாற்காலியருகே போய் மண்டியிட்டு, அவன் மார்பில் காதை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே தாவலில் மேடையேறி ஒலிப்பெருக்கியின் ஒயரைப் பிடுங்கினாள். ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர் வாயில் வைத்தது வைத்தபடியே நின்றார். "நெரெய்தாக்கா, ஓடி வாங்க, தோன் தேயோவுக்கு மூச்சு நிக்குது" என்று வெறும் குரலிலேயே கத்தினாள். புல்வெளியின் மறுகோடி வரை கேட்டது. நல்ல குரல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் உயிர் போயிருந்தது. மதியமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதைக் காலையில் வாசித்துக் காட்டினீர்கள். பிழைத்திருப்பான். நான் மறுக்கவில்லை. அவனுக்காக நேற்று அழுதேன், இன்னும் அழுவேன்.

ஆனால் நீங்களும் அந்தப் பூங்காவில் வளர்ந்தவர், யோசித்துப் பாருங்கள். ஊரே ஆடிக்கொண்டிருக்கிறது, ட்ரம்பெட் உச்சத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் ஒருத்தி வந்து ஒயரைப் பிடுங்குகிறாள். இதைத்தான் காலையிலேயே தேயோவிடம் சொல்ல நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கூட்டத்தை நடத்தத் தெரியாது.